பொறி எங்கே நின்றது?

காரைக்குடியில் புதுவீடு கட்டுகிறவர்கள் இப்போது கேட்டுக்கு மயில் கேட்கிறார்கள். சிலர் இரண்டு யானைகளுக்கு நடுவே கஜலட்சுமி கேட்கிறார்கள். பாட்டன் காலத்து வளவு வீட்டில் தச்சர் பர்மாத் தேக்கில் செதுக்கிய அதே லட்சுமி, பேரன் வீட்டு வாசலில் மூன்று மில்லி இரும்புத் தகட்டில் வெட்டப்பட்டு நிற்கிறாள். வெட்டுவது உளியும் இல்லை, ரம்பமும் இல்லை. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள துளை வழியாகப் பீய்ச்சும் மின்னேறிய காற்று. பட்டறையில் அதற்குப் பெயர் பிளாஸ்மா.

மயில் தோகையை வெட்டுவதில் ஒரு சிரமம் உண்டு. நேர்க்கோட்டில் பத்தடி வெட்டினாலும் அந்தக் காற்றைப் பீய்ச்சும் டார்ச் ஒருமுறை பற்றினால் போதும். தோகையில் நூறு கண் இருந்தால் நூறு முறை பற்றி, தகட்டைத் துளைத்து, வெட்டி, அணைய வேண்டும். ஆகவே அலங்காரக் கேட் செய்கிற பட்டறைக்கு வெட்டுவதைவிடப் பற்றவைப்பதுதான் பெரிய வேலை. பற்றாமல் போனால் அன்றைய பிழைப்பு நின்றுவிடும்.

போன ஐப்பசியில் அப்படி ஒரு காலை நேரத்தில் தேவகோட்டைச் சாலையில் இருக்கும் என் அத்தானின் பட்டறைக்குப் போயிருந்தேன். மூன்று நாளாக மழை. மேஜையில் பாதி மயில் கிடந்தது. வேலை பழகும் பையன் பட்டனை அமுக்குகிறான். ‘உஸ்’ என்று காற்று வருகிறது. உள்ளே எங்கோ ‘கிர்ர்’ என்று மெல்லக் கேட்கிறது. சுடர் மட்டும் வரவில்லை.

“போர்டு போயிருச்சு போலண்ணே” என்றான் பையன்.

அத்தான் முகம் சுண்டியது. அதற்கு முந்தின வருஷமும் இதே மாதிரி நின்றபோது யாரோ சொன்னதை நம்பிப் போர்டை மாற்றியிருக்கிறார். பணம் போனது, கோளாறு போகவில்லை. “நீயாச்சும் பாரு மாப்பிள்ளை” என்றார்.

போர்டு கெட்டிருக்கலாம். ஆனால் பையன் அமுக்கியபோதே இயந்திரம் இரண்டு சேதி சொல்லிவிட்டது. காற்று வருகிறது என்பது ஒன்று. உள்ளே உயர் மின்னழுத்தம் வேலை செய்கிறது என்பது இன்னொன்று. தமிழில் தீத்துளிக்கும் பொறி என்று பெயர், இயந்திரத்துக்கும் பொறி என்று பெயர், கண்ணுக்கும் காதுக்கும் அதே பெயர். இந்தக் கோளாறைத் தேட மூன்றும் வேண்டும். பொறி எந்த இடம் வரை வந்து நின்றது என்று காதால் கேட்டுவிட்டுத்தான் திருப்புளியைக் கையில் எடுக்க வேண்டும்.

முதலில் அந்தச் சுடர் எது என்று பார்ப்போம். காற்று சாதாரணமாக மின்சாரத்தைக் கடத்தாது. போதுமான ஆற்றல் கொடுத்தால் அதன் மூலக்கூறுகள் உடைந்து அணுக்களாகும். அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் கழன்று திரியும். அந்த நிலையில் காற்று மின்சாரத்தைத் தாராளமாகக் கடத்தும். இந்த நிலைக்கு 1928-இல் பிளாஸ்மா என்று பெயர் வைத்தவர் அமெரிக்க வேதியியலாளர் இர்விங் லாங்மியூர். மின்னலின் கோட்டில் இருப்பதும் வெல்டிங் வில்லில் இருப்பதும் இதுதான். 1950-களின் நடுவில் யூனியன் கார்பைடின் லிண்டே பிரிவில் வேலை பார்த்த ராபர்ட் கேஜ் அந்த மின்வில்லை ஒரு குறுகிய செம்புத் துளைக்குள் நுழைத்துப் பார்த்தார். நெருக்கப்பட்ட வில் மெலிந்து, சூடேறி, வேகம் பிடித்து, உலோகத்தை உருக்கி அந்த உருக்கையும் ஊதித் தள்ளிவிட்டது. 1957-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. துளைக்குள் வில்லின் நடுவில் வெப்பம் 20,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சூரியனின் மேற்பரப்பு ஏறக்குறைய 5,500 டிகிரிதான். இரும்பு 1,538 டிகிரியில் உருகுகிறது, துளை வைத்திருக்கும் செம்போ 1,085 டிகிரியிலேயே உருகிவிடும். நாசில் என்கிற அந்தச் செம்பு முனை உருகாமல் நிற்பதற்குக் காரணம், வில்லுக்கும் அதற்கும் நடுவே சுழன்று ஓடும் குளிர்ந்த காற்றின் மெல்லிய உறை. காற்றைப் பற்றிப் பின்னால் நிறையப் பேச வேண்டும். இதை நினைவில் வையுங்கள்.

இப்போது பற்றவைப்பதன் சிக்கலுக்கு வருவோம். டார்ச்சின் உள்ளே எலக்ட்ரோடு இருக்கிறது, அது மைனஸ். அதைச் சுற்றி நாசில். இரண்டுக்கும் இடையே சிறு காற்று இடைவெளி. வெட்டாமல் சும்மா இருக்கும்போது இந்த இயந்திரம் கொடுக்கும் நேர்மின்சாரம் பொதுவாக 250 முதல் 300 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். தொட்டால் ஆளைக் கொல்லும் அழுத்தம் அது. ஆனால் காற்றைத் தாண்ட அதற்குத் திராணி கிடையாது. ஒரு மில்லிமீட்டர் காற்றைத் தாண்டவே 3,000 வோல்ட்டுக்கு மேல் வேண்டும்.

இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போனால் 300 வோல்ட் தாண்டிவிடாதா? இந்தக் கேள்விக்கு 1889-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் ஃபிரீட்ரிக் பாஷன் விடை கண்டார். காற்று உடையும் அழுத்தம், இடைவெளியையும் காற்றின் அடர்த்தியையும் பெருக்கி வரும் தொகையைப் பொறுத்தது. அந்தத் தொகை குறையக் குறைய உடைக்கத் தேவையான வோல்ட்டும் குறைகிறது. ஆனால் ஓரளவுக்குக் கீழே போனதும் திரும்ப ஏறத் தொடங்குகிறது. மிகக் குறுகிய இடைவெளியில் ஓடும் எலக்ட்ரான் மோதி உடைப்பதற்குப் போதிய மூலக்கூறுகள் வழியில் இருப்பதில்லை. காற்றுக்கு அந்த அடிமட்டப் புள்ளி ஏறக்குறைய 330 வோல்ட். ஆகவே பாஷனின் கணக்குப்படி எலக்ட்ரோடை எவ்வளவு நெருக்கி வைத்தாலும், தொடாத வரைக்கும் 300 வோல்ட் தானாகத் தாண்டாது. வெட்டுவதற்கு வேண்டிய சக்தி முழுக்க இயந்திரத்திடம் தயாராக இருக்கிறது, கதவைத் திறக்க மட்டும் ஆள் தேவை. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கதவைத் திறக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, சில ஆயிரம் வோல்ட் உயர் அதிர்வெண் மின்சாரத்தை ஒரு கணம் எலக்ட்ரோடுக்கும் நாசிலுக்கும் இடையே விடுவது. சமையலறை லைட்டரைச் சொடுக்கினால் நீலப் பொறி தெறிக்கிறதே, அதேபோலக் குட்டிப் பொறிகள் இடைவிடாமல் தெறித்துக் காற்றை உடைத்துப் பாதை போட்டுக் கொடுக்கும். அந்தப் பாதையில் 300 வோல்ட் புகுந்துகொள்ளும். பையன் அமுக்கியபோது கேட்ட ‘கிர்ர்’ இதன் சத்தம். மற்றது, பொறியே இல்லாமல் எலக்ட்ரோடையும் நாசிலையும் தொட்டபடி வைத்து மின்சாரத்தை ஓடவிட்டு, காற்றழுத்தத்தால் எலக்ட்ரோடைப் பின்னுக்குத் தள்ளிப் பிரிப்பது. வெல்டர் ராடைத் தகட்டில் உரசி எடுத்து வில்லை இழுப்பதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. கையில் பிடித்து வெட்டும் புது இயந்திரங்களில் பெரும்பாலும் இந்தத் தொடு முறை. இதில் ‘கிர்ர்’ கேட்காது, ‘டக்’ என்று எலக்ட்ரோடு பின்வாங்கும் சத்தம் கேட்கும்.

எந்த வழியில் திறந்தாலும் முதலில் பிறப்பது பைலட் வில் என்கிற சின்னச் சுடர். எலக்ட்ரோடிலிருந்து நாசிலுக்கு ஓடும் மின்சாரத்தைக் காற்று வெளியே ஊதித் தள்ள, துளை வழியே நாக்கு நீட்டுவதுபோல அது தெரியும். அந்த நாக்கு தகட்டைத் தொட்டதும் மின்சாரம் தகடு வழியே எர்த் கிளாம்புக்கு ஓடத் தொடங்குகிறது. இயந்திரம் அதை உணர்ந்து நாசிலின் இணைப்பைத் துண்டித்துவிட்டு முழு மின்னோட்டத்தையும் தகட்டுக்குத் திருப்புகிறது. அப்போதுதான் வெட்டும் வில். தகடு கிடைக்கவில்லை என்றால் சில வினாடியில் பைலட்டைத் தானே அணைத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் நாசில் வீணாகும்.

ஆக, பட்டனில் தொடங்கி வெட்டு வரை ஒரு சங்கிலி. பட்டன் அமுக்கியும் காற்றே வரவில்லை என்றால் கோளாறு சங்கிலியின் தலைப்பிலேயே நிற்கிறது. பட்டனுக்குப் போகும் வயர் அறுந்திருக்கலாம். கம்ப்ரஸர் அழுத்தம் ஏறாமல் இருக்கலாம். அல்லது டார்ச்சின் மூடி சரியாக முறுக்கப்படாமல் இருக்கலாம். மூடி இறுகாவிட்டால் பற்ற மறுக்கும்படி பல டார்ச்சுகளில் ஒரு சிறு சுவிட்ச் உண்டு. கழற்றிய டார்ச்சில் யாரும் கைவைத்து ஷாக் வாங்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. நாசிலை மாற்றிய கையோடு ‘மிஷின் செத்துப்போச்சு’ என்று சொல்கிற இடங்களில் நான் முதலில் இந்த மூடியைத்தான் திருகிப் பார்ப்பேன். காற்று வந்து ‘கிர்ர்’ கேட்காவிட்டால் உயர் அதிர்வெண் பகுதியைச் சந்தேகிக்க வேண்டும். அதனுள் ஒரு பொறி இடைவெளி இருக்கும் இயந்திரங்களில் அந்த இரு முனைகள் தேய்ந்தோ தூசி அடைந்தோ போகும். அங்கே கைவைப்பது பழகியவர் வேலை.

அத்தானின் இயந்திரம் இந்த இரண்டையும் தாண்டிவிட்டது. ‘கிர்ர்’ கேட்டது, ஆனால் மெலிவாக. பொறி பிறக்கிறது, போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. அப்படியானால் டார்ச்சைத்தான் திறந்து பார்க்க வேண்டும்.

மெயினை அணைத்து, பிளக்கையே பிடுங்கி, சில நிமிடம் காத்திருந்தோம். உள்ளே கெப்பாசிட்டர்கள் 300 வோல்ட்டை இறக்கிவைக்க நேரம் எடுக்கும். இன்னொன்றும் பையனிடம் சொன்னேன்: பற்றவைக்கும் நேரத்தில் டார்ச் முனையில் மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்க்கவே கூடாது. அந்த ஆயிரக்கணக்கான வோல்ட்டைத் தாங்க அந்த மீட்டர் செய்யப்படவில்லை. மீட்டர் போவது போக, பிடித்த கைக்கும் ஆபத்து.

டி.வி.எஸ். 50 ஓட்டியவர்களுக்கு இந்த வேலை அந்நியமாகத் தோன்றாது. மழைநாளில் வண்டி கிளம்பாவிட்டால் மெக்கானிக் முதலில் பிளக்கைக் கழற்றி அதன் நுனி நிறத்தைப் பார்ப்பார். பிளாஸ்மா டார்ச்சில் அந்த நுனி எலக்ட்ரோடு. விரல் கணு அளவு செம்புக் கட்டி. அதன் முகத்தின் நடுவில் வெள்ளி நிறத்தில் ஒரு பொட்டு. அந்தப் பொட்டு செம்பு இல்லை. ஹாஃப்னியம்.

ஏன் இந்தப் பொட்டு என்று கேட்காமல் காரைக்குடிக்காரர் யாரும் கடந்து போகக் கூடாது என்பது என் ஆசை. எலக்ட்ரோடு என்கிற சொல்லை 1834-இல் உலகுக்குக் கொடுத்தவர் மைக்கேல் ஃபாரடே. எலக்ட்ரோடுகளையே ஆராய்வதற்கென்று இந்திய அரசு அமைத்த ஆய்வுக்கூடம் நம் ஊரில்தான் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14 அன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். ஊருக்கு அது ‘சிக்ரி’. அங்கே பல ஆண்டு நடந்த வேலைகளில் ஒன்று, உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்திக் காஸ்டிக் சோடா எடுக்கும் ஆலைகளுக்காகக் கரையாத எலக்ட்ரோடு செய்வது. முன்பு அங்கே பயன்பட்ட கிராஃபைட் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டே போகும். டைட்டானியத்தின் மேல் மெல்லிய ஆக்சைடுப் பூச்சு கொடுத்தால் தேயாமல் நெடுநாள் நிற்கும். எலக்ட்ரோடின் ஆயுளை அதன் மேல்தோலில் இருக்கும் ஆக்சைடு தீர்மானிக்கிறது என்பது சிக்ரியின் வாசலில் நின்று கற்க வேண்டிய பாடம். பிளாஸ்மா டார்ச்சிலும் அதே பாடம்தான், ஆனால் இங்கே திரவத்துக்குப் பதில் நெருப்பு.

எலக்ட்ரோடின் வேலை எலக்ட்ரான்களை உமிழ்வது. அதற்கு அதன் நுனி கொதிக்கும் சூட்டில் இருக்க வேண்டும். உலோகங்களிலேயே மிக உயர்ந்த சூட்டில், 3,422 டிகிரியில் உருகும் டங்ஸ்டனை வைத்தால் என்ன? ஆர்கான் வாயுவில் வைக்கலாம், ஆர்கான் வெல்டிங்கில் அப்படித்தான் வைக்கிறார்கள். ஆனால் காற்றில் ஆக்சிஜன் இருக்கிறது. டங்ஸ்டன் ஆக்சைடு சூட்டில் ஆவியாகிப் பறந்துவிடும். எலக்ட்ரோடு சில நொடியில் கரைந்துபோகும். ஹாஃப்னியம் 2,233 டிகிரியிலேயே உருகுகிறது, கேட்டால் தோற்ற கட்சி மாதிரித் தெரியும். ஆனால் அதன் ஆக்சைடு 2,750 டிகிரிக்கு மேல்தான் உருகும், லேசில் ஆவியாகாது. வில் பற்றியதும் பொட்டின் முகத்தில் உருகிய ஆக்சைடுத் துளி ஒன்று தேங்கி நின்று எலக்ட்ரான்களை உமிழ்கிறது. சுற்றியுள்ள செம்பு சூட்டை உறிஞ்சி, பின்னால் ஓடும் காற்றிடம் கொடுத்துவிடுகிறது. காற்றைக்கொண்டு இரும்பை வெட்ட முடிந்ததற்கு இந்தப் பொட்டுதான் காரணம்.

ஹாஃப்னியத்தை 1923-இல் டிர்க் காஸ்டரும் ஜார்ஜ் டி ஹெவசியும் கோபன்ஹேகனில் கண்டுபிடித்தார்கள். அந்த ஊரின் லத்தீன் பெயர்தான் தனிமத்துக்கும் பெயர். தனியாக இது கிடைப்பதில்லை, சிர்க்கோனியத்தின் நிழலாகவே இருக்கும். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் சிர்க்கான் இருக்கிறது. அதற்குள் நூற்றுக்கு ஓரிரு பங்கு ஹாஃப்னியமும் ஒளிந்திருக்கும். அணு உலைக்குச் சிர்க்கோனியம் வேண்டுமென்றால் ஹாஃப்னியத்தைப் பிரித்தே ஆக வேண்டும், ஏனென்றால் அது நியூட்ரான்களை விழுங்கிவிடும். தூத்துக்குடி மாவட்டம் பழையகாயலில் அணுசக்தித் துறையின் சிர்க்கோனிய ஆலை செய்யும் வேலைகளில் இந்தப் பிரிப்பும் ஒன்று. ஓரிடத்தில் வேண்டாத விருந்தாளி, டார்ச் முனையில் வீட்டுக்காரர்.

இந்தத் துளிக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. பற்றும் கணத்தில் காற்றின் வேகம் அதில் கொஞ்சத்தைச் சிதறடிக்கும். அணையும் கணத்தில் உருகிய துளி உறைவதற்குள் இன்னும் கொஞ்சம் போகும். சீராக எரியும்போது தேய்வு குறைவு. அதனால்தான் எலக்ட்ரோடின் ஆயுளை மணிக்கணக்கில் சொல்வதைவிட எத்தனை முறை பற்றியது என்று சொல்வது சரியாக இருக்கும். நூறு கண் மயில் நூறு கடி கடித்துவிட்டுப் போகிறது. பொட்டு குழிந்து ஏறக்குறைய ஒன்றரை மில்லி ஆழம் போனால் மாற்றிவிட வேண்டும். அதற்கு மேல் ஓட்டினால் பற்றுவது கஷ்டமாகும், பிறகு ஒருநாள் வில் செம்பைப் பிடித்து டார்ச்சின் தலையையே உருக்கிவிடும். நாசிலையும் கூடவே மாற்றுவது நல்லது. வட்டமாக இருந்த துளை முட்டை வடிவமாகியிருந்தால் அதில் சுழலும் காற்றும் கோணலாகத்தான் சுழலும்.

அத்தானின் எலக்ட்ரோடில் குழி ஆழமாக இல்லை. ஆனால் செம்பின் மேல் பச்சை படர்ந்திருந்தது. எலக்ட்ரோடையும் நாசிலையும் பிரித்து நிற்கும் ஸ்விர்ல் ரிங்கைத் துணியில் தட்டினால் ஈரம் ஒட்டியது. காற்றைச் சுழற்றுவது அந்த வளையத்தின் ஒரு வேலை, மின்சாரத்தைப் பிரித்து வைப்பது இன்னொரு வேலை. அதன் மேல் தண்ணீர்ப் படலம் இருந்தால் சில ஆயிரம் வோல்ட் பொறி இடைவெளியைத் தாண்டக் கஷ்டப்பட வேண்டாம். ஈரத் தோலில் ஊர்ந்தே கசிந்துவிடும். ‘கிர்ர்’ மெலிந்ததன் காரணம் அதுதான்.

“மழைத் தண்ணி உள்ளே போக வழியே இல்லையே” என்றார் அத்தான். கூரை ஒழுகவில்லை, உண்மை. தண்ணீர் கம்ப்ரஸர் வழியாக வந்தது.

ஐப்பசிக் காற்றை எடுத்துக்கொள்வோம்: 28 டிகிரி சூடு, 85 விழுக்காடு ஈரப்பதம். அப்படிப்பட்ட ஒரு கனமீட்டர் காற்றில் ஏறக்குறைய 23 கிராம் நீராவி இருக்கும். டார்ச் நிமிடத்துக்கு 150 லிட்டர் காற்றைக் குடிக்கிறது என்றால் ஒரு மணி நேரத்துக்கு 9 கனமீட்டர். அதில் 200 கிராமுக்கு மேல் தண்ணீர். கம்ப்ரஸர் இதை ஏழு கேஜி அழுத்தத்துக்கு அமுக்கும்போது கொள்ளளவு எட்டில் ஒன்றாகச் சுருங்குகிறது. பழைய சூட்டுக்கு ஆறிய பிறகு அந்தச் சுருங்கிய இடம் வைத்துக்கொள்ளக்கூடிய ஆவி 30 கிராமுக்குப் பக்கம். மிச்சம் ஏறக்குறைய 175 கிராம் தண்ணீராகத்தான் விழ வேண்டும். தொடர்ந்து வெட்டினால் மணிக்கு ஒரு டம்ளர்! கூரையே இல்லாமல் மழையில் நின்று வேலை பார்த்தாலும் டார்ச்சுக்குள் இவ்வளவு போகுமா?

இதில் ஏமாற்றும் விஷயம் என்னவென்றால், ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்ரஸரிலிருந்து காற்று சூடாக வெளியே வரும்போது தண்ணீர் இன்னும் ஆவியாகவே இருக்கும். கம்ப்ரஸர் வாசலில் மாட்டிய ஃபில்டர் கிண்ணம் அதைப் பிடிக்காது. ஹோஸில் நாலைந்து மீட்டர் ஓடி ஆறிய பிறகுதான், பெரும்பாலும் டார்ச்சுக்குப் பக்கத்தில், துளிர்க்கும். ஃபில்டரைக் கம்ப்ரஸரிலிருந்து தள்ளி, இயந்திரத்துக்கு அருகில் மாட்ட வேண்டும் என்பது இதனால்தான். வழியில் குழாயைக் கொஞ்சம் நீளமாக வளைத்து விட்டால் காற்று ஆற நேரம் கிடைக்கும். வசதி இருந்தால் டிரையர் வைக்கலாம். எதுவும் இல்லாவிட்டாலும் டேங்கின் அடியில் இருக்கும் டிரெயின் வால்வைத் தினமும் திறந்துவிடக் காசு ஆகாது.

தண்ணீர் கசிவோடு நிற்பதில்லை. வில்லில் போய் உடைந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிகிறது. அந்த உடைப்புக்கே வில்லின் ஆற்றலில் ஒரு பங்கு போகிறது, சுடர் தடுமாறுகிறது. பொட்டையும் வேகமாக அரிக்கிறது. கம்ப்ரஸர் எண்ணெய் கலந்து வந்தால் வேறு தொல்லை: ஸ்விர்ல் ரிங்கின் மேல் கருகிக் கரிக்கோடு போடும். கரி மின்சாரத்தைக் கடத்தும். ஈரத்தைத் துடைத்தால் போய்விடும், கரிக்கோடு விழுந்த வளையத்தை மாற்றத்தான் வேண்டும். அழுத்தம் கூடுகிறதா, குறைகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஐந்து கேஜிக்குச் செய்த டார்ச்சில் ஏழு விட்டால் வேகமாக வெட்டும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. பாஷனின் கணக்கில் அடர்த்தி கூடினால் உடைக்க வேண்டிய வோல்ட்டும் கூடும். பொறி தாண்டினாலும் பிறந்த பைலட்டைக் காற்றே ஊதி அணைத்துவிடும். குறைத்தால் தொடு முறை டார்ச்சில் எலக்ட்ரோடு பின்வாங்காது. கேஜைப் பார்க்கும்போதும் காற்று ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நின்ற காற்றில் ஆறு காட்டும் கேஜ், பட்டனை அமுக்கியதும் மூன்றுக்கு இறங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஹோஸ் மெலிதாகவோ ஃபில்டர் அடைத்தோ இருக்கும்.

டிரெயின் வால்வைத் திறந்தோம். பழுப்பு நிறத்தில் வாளி அடி நிறையும் அளவுக்குத் தண்ணீர் வந்தது. ஹோஸை ஊதிக் காயவைத்து, வளையத்தைத் துடைத்து, புது எலக்ட்ரோடும் நாசிலும் போட்டு, மூடியை முறுக்கினோம். பையன் அமுக்கினான். ‘கிர்ர்’ பலமாகக் கேட்டது. நீல நாக்கு வெளியே வந்தது. பையன் சிரித்தான். இரண்டு வினாடி நின்று, தகட்டைத் தொடாதது போலவே அணைந்துவிட்டது.

சங்கிலியில் ஒரு கண்ணி தாண்டி அடுத்ததில் நிற்கிறது. பைலட் வருகிறது, தகட்டுக்குத் தாவவில்லை. அப்படியென்றால் தகட்டிலிருந்து திரும்பிப் போகும் பாதையைப் பார்க்க வேண்டும். கிளாம்ப் மேஜையில் இறுக்கமாகத்தான் இருந்தது. மேஜையின் பட்டைகள் மேல் தகடு கிடந்தது. தகட்டைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்கச் செக்கச்செவேல் என்று ரெட் ஆக்சைடு. மழையில் துரு பிடிக்கும் என்று முந்தின நாள் பையன் அக்கறையாக இரண்டு பக்கமும் அடித்திருக்கிறான். பட்டைகளின் மேல் வேறு பழைய உருகுகழிவு. மின்சாரம் திரும்பிப் போக எங்கேயும் வெறும் இரும்பு இல்லை. தகட்டின் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குக் கிரைண்டர் போட்டு, கிளாம்பை நேரே அங்கே கடித்துவிட்டதும் வில் பாய்ந்தது.

பையனை அத்தான் திட்டவில்லை. நானும் அவன் செய்தது தப்பென்று நினைக்கவில்லை. துருவைத் தடுக்கத்தான் நினைத்தான். வெட்டுகிற மின்சாரத்துக்குப் போகவும் வரவும் பாதை வேண்டும் என்று அவனுக்கு யாரும் தமிழில் சொல்லிக் கொடுக்கவில்லை. இயந்திரத்தோடு வந்த புத்தகத்தில் ஒரு வரி தமிழ் இல்லை. லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய கருவியை ஓட்டுகிறவன் படிக்க முடியாத மொழியில் அதன் நோய்க்குறிப்பு இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இன்னும் இரண்டு இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, மின்சாரம். 40 ஆம்பியர் வெட்டும் சிறு இயந்திரம் ஒற்றை ஃபேஸில் 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். முப்பது மீட்டர் மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் அதை மாட்டினால் வழியிலேயே பத்துப் பதினைந்து வோல்ட் கரையும். பைலட் சிறு மின்னோட்டம் என்பதால் அழகாக வரும். தகட்டுக்குத் தாவும் கணத்தில் இழுப்பு கூடி, வோல்ட் சரிந்து, இயந்திரம் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். மற்றது, கணினி மேஜை. உயர் அதிர்வெண் பொறி ஒரு சின்ன ரேடியோ நிலையம் மாதிரி. பற்றும் ஒவ்வொரு முறையும் அலையைப் பரப்பும். மயிலின் கழுத்தில் போய்க்கொண்டிருந்த டார்ச் திடீரென்று தாறுமாறாகத் திரும்பினால் மேஜைக்கும் இயந்திரத்துக்கும் நல்ல எர்த் இருக்கிறதா என்று பாருங்கள். நம் பக்கத்துச் செம்புறாங்கல் மண் கோடையில் காய்ந்தால் மின்சாரத்தை லேசில் வாங்காது. உப்பும் கரியும் போட்ட எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்ற மறக்கக் கூடாது. கம்ப்ரஸரில் வேண்டாத தண்ணீர் எர்த் குழியில் வேண்டும்.

அன்று சாயங்காலம் தோகையின் மிச்சக் கண்களைப் பையன் வெட்டி முடித்தான், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல். அத்தான் மூலையில் கிடந்த பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து கவிழ்த்தார். பழைய இரும்புக் கடையில் செம்பு விலைக்குப் போடலாம் என்று சேர்த்து வைத்திருந்த தேய்ந்த எலக்ட்ரோடுகள், நாற்பது ஐம்பது இருக்கும். தரையில் வரிசையாக அடுக்கினோம். நடுவில் வட்டமாகக் குழிந்தவை வயதாகி நல்லபடி ஓய்ந்தவை. குழி ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தவை ஸ்விர்ல் ரிங் விரிசலோடு அல்லது கோணல் நாசிலோடு ஓடியவை. நாலைந்தில் எண்ணெய்க் கரி. குழியே விழாமல் பச்சை பூத்துக் கிடந்தவை பன்னிரண்டு.

“இது எல்லாம் ஐப்பசி, கார்த்திகையில மாத்தினதாத்தான் இருக்கும் மாப்பிள்ளை” என்றார் அத்தான், ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தபடி. போர்டு மாற்றிய வருஷத்து எலக்ட்ரோடும் அதில் இருந்தது.